ட்ரிப் ஸ்விட்ச் ஏன் விழவில்லை?

கான்பூர்க் கிளையில் நாங்கள் பணியாற்றிய மூன்றாண்டுகளில் அந்த ஊரின் ஜனவரி மாதத்தை மட்டும் மறக்க இயலவில்லை. காலை பத்து மணி வரை பனிமூட்டம் விலகாது. கிளையின் இரும்புக் கதவைத் தூக்கும்போதே விரல்கள் விறைத்துவிடும். அப்படியொரு காலையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் தம் அண்ணனுடன் வந்து எங்கள் மேசை முன் அமர்ந்தார். கையில் கணவருடைய சேமிப்புக் கணக்குப் புத்தகம். அதனுள் நான்காக மடித்த இறப்புச் சான்றிதழ். கணக்கில் இருந்த தொகையைப் பெற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். நியமனதாரராக மனைவியின் பெயர் பதிவாகியிருந்தமையால் அந்த வேலை எளிதாகவே முடிந்தது.

கணக்கைப் புரட்டியபோது, மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டிருந்தது கண்ணில் பட்டது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தின் ஓராண்டுப் பிரீமியம் அது. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். கணவர் எவ்வாறு இறந்தார் என்று தயக்கத்தோடு கேட்டோம்.

குளிப்பதற்காக இரும்பு வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டிருந்தாராம். தண்ணீர் சூடாகிவிட்டதா என்று கையை விட்டுப் பார்த்தாராம். அவ்வளவுதான் அந்த அம்மையாரால் சொல்ல முடிந்தது.

மின்சாரம் தாக்கி இறப்பதும் விபத்துதான்; காப்பீடு உண்டு. ஆனால் அன்று பிற்பகலே உடலைத் தகனம் செய்துவிட்டார்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கவில்லை. பிரேதப் பரிசோதனைக்கு யாருக்கும் மனம் வரவில்லை. துக்கத்தில் இருப்பவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. இருந்தாலும் காப்பீட்டு நிறுவனம் கேட்பது விபத்து நடந்தது என்பதற்கான ஆவணத்தை. எங்களால் இயன்ற கடிதங்களையெல்லாம் இணைத்து அனுப்பினோம். கோரிக்கை திரும்பி வந்தது.

எழுந்து போகும்போது அண்ணன் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். "வீட்டில் போன வருடம்தான் புதிதாக ட்ரிப் ஸ்விட்ச் போட்டோம், சாஹப். அது ஏன் விழவில்லை?"

எங்களுக்கு விடை தெரியவில்லை. வணிகவியல் படித்தவர்களுக்கு ஆம்பியரும் ஓமும் பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன சொற்கள். வட்டியும் வரவும் கேட்டால் உடனே சொல்வோம். இதற்கு எங்கள் வட்டார அலுவலகத்தின் கட்டடப் பிரிவில் இருந்த மின்பொறியாளரிடம்தான் போகவேண்டியிருந்தது. அவர் சொன்னதையும், அதன்பின் நாங்களே தேடித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்கால ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 12,000 பேருக்கும் மேல். வயலில், தெருவில், தொழிற்கூடத்தில் இறந்தவர்களும் அதில் அடக்கம். ஆனால் வீட்டுக்குள் நிகழ்பவை, நாமே சில ஆயிரம் ரூபாய் செலவில் பெரும்பாலும் தவிர்த்துக்கொள்ளக்கூடியவை.

பொறியாளர் எங்களிடம் முதலில் கேட்டது ஒரு கேள்வி: "அந்தப் பெட்டியில் இருந்தது எம்.சி.பி.யா, ஆர்.சி.சி.பி.யா?" இரண்டுக்கும் வேறுபாடு உண்டென்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். நம்மில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். மேலே தள்ளினால் எரியும், கீழே விழுந்தால் அணையும். எல்லாமே நமக்கு ட்ரிப்பர்தான்.

எம்.சி.பி. என்பது பழைய ஃபியூஸ் கட்டையின் வாரிசு. சுவருக்குள் ஓடும் கம்பி தாங்கக்கூடியதற்கு மேல் மின்னோட்டம் சென்றால் கம்பி சூடேறும், மேலுறை உருகும், தீப்பிடிக்கும். அதற்கு முன் இணைப்பைத் துண்டிப்பது அதன் வேலை. அது காப்பது கம்பியை; மனிதரை அன்று. அந்தக் கான்பூர் வீட்டின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1,500 வாட் ராடு ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கும். ஈரக்கையும் ஈரக்காலுமாகத் தரையில் நிற்கும் மனித உடலின் தடையை 1,000 ஓம் என்று கொண்டால், அவ்வுடல் வழியாகப் போவது 0.23 ஆம்பியர். இரண்டையும் கூட்டினால் 6.73. அங்கே பொருத்தியிருந்ததோ 16 ஆம்பியர் எம்.சி.பி. அதன் பார்வையில் எல்லாம் ஒழுங்காகவே இருந்திருக்கிறது. பக்கத்தில் இன்னொரு ராடை மாட்டியிருந்தாலும் அது விழுந்திருக்காது.

0.23 ஆம்பியர் என்றால் 230 மில்லியாம்பியர். சிறிய எண்தானே என்று தோன்றும். உடலுக்கு அது மிகப் பெரிது. 1 மில்லியாம்பியர் அளவில் தோலில் சுருக்கென்று தெரியும். 10 மில்லியாம்பியரை ஒட்டி வரும்போது கைத்தசைகள் இறுகிப்போய், பிடித்ததை விடவேண்டுமென்று நினைத்தாலும் விட முடியாமற் போகிறது. 'கரண்ட் இழுத்துக்கொண்டது' என்று நாம் சொல்வது இதைத்தான்; மின்சாரம் யாரையும் இழுப்பதில்லை, நம் தசையே நம்மைப் பூட்டிவிடுகிறது. அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தாமாக முன்வந்தவர்களைக் கொண்டு இந்த அளவைச் சோதித்துப் பார்த்தார். கையை விடுவித்துக்கொள்ள முடிகிற மின்னோட்டத்தின் எல்லை, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லியாம்பியர் என்று அவர் கண்டார். 30ஐத் தாண்டி நீடித்தால் மூச்சுவிடும் தசைகள் ஒடுங்கும். 50, 100 என்று போகும்போது இதயம் சீராகத் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கிவிடுகிறது. அந்த நடுக்கம் தானாக நிற்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறோம்: பழைய 15 வாட் குண்டு பல்பு எரிவதற்கே 65 மில்லியாம்பியர் தேவை. படுக்கையறையில் இரவு முழுதும் மங்கலாக எரிந்துகொண்டிருந்த அந்த விளக்கின் வழியே போனது, ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானது.

இனி ஆர்.சி.சி.பி.க்கு வருவோம். எங்களைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு இக்கருவியைப் புரிந்துகொள்வது கடினமாக இல்லை. மாலையில் காசாளர் கணக்கு முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வந்ததும் வெளியே போனதும் நேராக வேண்டும். நேராகாவிட்டால் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. மின்சாரத்துக்கும் அதே விதி. ஃபேஸ் கம்பி வழியாக வீட்டுக்குள் சென்ற மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்பிவிட வேண்டும். 6.73 ஆம்பியர் போய் 6.5 மட்டும் திரும்பினால், 0.23 வேறெங்கோ வழி கண்டுபிடித்துத் தரைக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்த வழி ஒரு மனிதராக இருக்கலாம்.

ஆர்.சி.சி.பி.க்குள் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. போகும் கம்பி, வரும் கம்பி இரண்டும் அதன் ஊடாகச் செல்கின்றன. இரண்டிலும் மின்னோட்டம் சமமாக இருக்கும்வரை ஒன்றின் காந்த விளைவை மற்றொன்று அழித்துவிடும். வளையம் அமைதியாக இருக்கும். வேறுபாடு தோன்றியதும் வளையத்தில் சுற்றியுள்ள மெல்லிய கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறந்து விசையைத் தட்டிவிடுகிறது. வீடுகளுக்கான கருவியில் அந்த வேறுபாட்டின் எல்லை 30 மில்லியாம்பியர். அந்த அளவில் 0.3 விநாடிக்குள்ளும், அதைப்போல் ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 விநாடிக்குள்ளும் அது விழுந்தாக வேண்டும் என்பது தரநிர்ணயம். கருவி எத்தனை ஆம்பியர் சுமை தாங்கும் என்பதைப் பற்றி இதற்குக் கவலையே இல்லை. வரவும் செலவும் பொருந்துகிறதா என்பது ஒன்றே இதன் கேள்வி.

மறைக்காமல் ஒன்றைச் சொல்லவேண்டும். இக்கருவி இருந்தால் ஷாக்கே அடிக்காது என்று எண்ணக்கூடாது. சுரீரென்று அடிக்கத்தான் செய்யும். கொல்லும் அளவுக்கு அது நீடிக்காது என்பதே இதன் உறுதிமொழி.

இதற்கு இ.எல்.சி.பி. என்றும் ஒரு பெயர் வழக்கில் உண்டு. பழைய இ.எல்.சி.பி. வேறு வகையைச் சேர்ந்தது. எர்த் கம்பியில் மின்னழுத்தம் ஏறினால்தான் அது விழும். ஒருவர் நேரடியாக மின்கம்பியைத் தொட்டால் அதற்குத் தெரியவே தெரியாது. இப்போது கடைகளில் இரு பெயரையும் ஒரே பொருளில் சொல்கிறார்கள். வாங்கும்போது பெயரைப் பார்க்காமல், கருவியின் முகப்பில் 30 மில்லியாம்பியர் என்று பொறித்திருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. 100, 300 என்று பொறித்தவையும் விற்கின்றன. அவை தீ விபத்தைத் தடுக்க உதவுபவை. மனித உடலுக்கு அந்த எண்கள் மிக அதிகம்.

மகளைப் பார்க்க நியூ ஜெர்சிக்குப் போய்வந்த மூத்த வாடிக்கையாளர் ஒருவர் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது வியப்புடன் ஒன்றைச் சொன்னார். அங்கே குளியலறை சாக்கெட்டிலேயே இரண்டு சிறு பொத்தான்கள் இருந்தனவாம். அழுத்திப் பார்த்தபோது டக்கென்று சத்தம் கேட்டு, முகச்சவரக் கருவி நின்றுவிட்டதாம். எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்துபோனாராம். உடையவில்லை. டால்சீல் தம் ஆய்வைத் தொடர்ந்து உருவாக்கிய கருவியின் வழிவந்ததுதான் அது. ஏறத்தாழ 5 மில்லியாம்பியர் கசிந்தாலே அந்த சாக்கெட் அணைந்துவிடும். 1975ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு மின்விதித் தொகுப்பு வீட்டுக் குளியலறைகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் சாக்கெட்டுக்கு ஒன்று என்று வைப்பதில்லை. வீட்டின் மின்பலகையில் எல்லா எம்.சி.பி.க்களுக்கும் முன்னால் ஒன்றைப் பொருத்துகிறோம்.

பொருத்துகிறோம் என்று எழுதிவிட்டோமே தவிர, எத்தனை வீடுகளில்? மத்திய மின்சார ஆணையம் 2010இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், வீட்டு இணைப்புகளில் 30 மில்லியாம்பியருக்கு மிகாத மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி வேண்டும் என்று கூறின. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறிய இணைப்புகளுக்கு அதில் விலக்கு இருந்தது. 2023இல் அவற்றின் இடத்தில் புதிய ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. சட்டத்தின் எல்லை எதுவாயினும் எங்களுக்கு ஒன்று தோன்றுகிறது: வாளியில் ராடு போட்டுக் குளிப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சிறிய இணைப்புக்காரர்களே. சட்டம் கேட்காவிட்டாலும் அவர்களுக்குத்தான் இது முதலில் வேண்டும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறோம். வீட்டுக்கடன் தருவதற்கு முன் நாங்கள் கேட்கும் ஆவணங்களின் பட்டியல் நீளமானது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரைபட ஒப்புதல் என்று போகும். எத்தனையோ வீடுகளை நேரில் போய்ப் பார்த்திருக்கிறோம். ஒரு முறையாவது மின்பலகையின் மூடியைத் திறந்து பார்த்ததாக நினைவில்லை.

எர்த் இருந்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. எர்த் வேண்டும், ஐயமில்லை. மூன்று முனை பிளக்கில் மேலே உள்ள முனை மற்றவற்றைவிடத் தடித்தும் நீண்டும் இருப்பதே, செருகும்போது அது முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியாகப் பிரியவேண்டும் என்பதற்காகத்தான். கருவியின் உலோக உடலில் மின்சாரம் ஏறினால் அது நம் வழியாகப் போகாமல் எர்த் கம்பி வழியாகத் தரைக்குப் போகும். ஆனால் நம் வீட்டு எர்த் குழி எந்த நிலையில் இருக்கிறது? உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டிய குழியின் மேல் சிமெண்ட் போட்டு மூடி வண்டி நிறுத்தும் வீடுகள் பல. அந்தப் பாதையின் தடை 10 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அதன் வழியே 23 ஆம்பியர்தான் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இந்த அளவுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமல் இருக்கலாம். அவ்வளவு நேரமும் கீசரின் உடலும், அதனோடு சேர்ந்த குழாயும் மின்சாரத்தோடு இருக்கும். அதே இடத்தில் ஆர்.சி.சி.பி. இருந்தால் 23 ஆம்பியர் தேவையில்லை; அதில் எழுநூற்றில் ஒரு பங்கு கசிந்தாலே அது வேலையை முடித்துவிடும்.

கான்பூர் வீட்டில் நடந்தது இதைவிட எளியது. சாக்கெட்டில் மூன்று துளைகள் இருந்தன. மேல்துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை.

"ஃபிரிட்ஜைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டு திற" என்று சொல்லும் வீடுகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் கிரைண்டருக்கு அப்படியொரு ரப்பர்ச் செருப்பு தனியாக இருந்தது. அந்தச் சுர்ரென்பதைக் குறையென்று கருதாமல், கருவியின் குணமென்று எடுத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம். ஒரு நாள் தரை ஈரமாக இருக்கும், அல்லது ஒரு குழந்தை வெறுங்காலோடு வரும்.

சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கான்பூருக்குப் பின் மாற்றலாகிப் போன ஊரில் நாங்கள் குடிபுகுந்த வாடகை வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தது. பொறியாளரின் பாடம் நினைவிலிருந்ததால் முதல் நாளே அதிலுள்ள 'டி' என்னும் சோதனைப் பொத்தானை அழுத்தினோம். விழவில்லை. மறுபடி அழுத்தினோம்; அசையவில்லை. மின்பணியாளர் ஒருவரை அழைத்து மூடியைக் கழற்றச் சொன்னபோது, உள்ளே வந்த கம்பியும் வெளியே போன கம்பியும் கருவியைத் தொடாமல் பக்கவாட்டில் நேராக முறுக்கப்பட்டிருந்தன. கருவி வெறும் அலங்காரமாக நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டோம். மழைக்காலத்தில் அடிக்கடி விழுந்து தொல்லை கொடுத்ததாம். முன்பிருந்த மின்பணியாளர் 'நேராக்கி' விட்டாராம். அதற்குப் பின் தொல்லை இல்லையாம்.

கம்பிகளைத் திரும்பக் கருவிக்குள் இணைத்ததும் அது விழுந்தது. இம்முறை எல்லா எம்.சி.பி.க்களையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார் பணியாளர். கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாம் நின்றன. குளியலறை கீசரின் விசையை ஏற்றிய கணத்தில் மறுபடி விழுந்தது. கீசரின் உள்ளே சூடேற்றும் சுருளின் உறையில் வெடிப்பு விழுந்து தண்ணீர் இறங்கியிருந்தது. எங்களுக்கு முன் அந்த வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகளுடன் ஒரு குடும்பம் நான்காண்டுகள் குடியிருந்தது என்று பிறகு தெரியவந்தது. அவர்கள் தப்பித்தது எப்படியென்று எங்களால் சொல்ல முடியவில்லை.

காரணமில்லாமல் இக்கருவி விழுவதாகச் சொல்வார்கள். அடிக்கடி காரணம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாததாக இருக்கும். மழையில் நனையும் வெளி விளக்கு, பழைய ஹீட்டர், எலி கடித்த கம்பி. சில வீடுகளில் இரண்டு இணைப்புகளின் நியூட்ரல் கம்பிகளை ஒன்றாகக் கலந்து வைத்திருப்பார்கள், அதனாலும் விழும். இன்வெர்ட்டர் வைக்கும்போது இந்தக் கலப்பு மிகுதியாக நேர்கிறது. எதுவானாலும் கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். 'நேராக்கிவிடலாமா சார்?' என்று கேட்பவருக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆர்.சி.சி.பி.யால் இயலாதவையும் உண்டு. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டு, தரையோடு தொடர்பில்லாமல் நிற்பவரைக் கருவி அறியாது; போனது முழுவதும் திரும்பி வந்துவிடுவதால் அதன் கணக்கு நேராகவே இருக்கும். மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரிலிருந்து வரும் மின்சாரம் அதன் வழியே வராத வகையில் இணைப்புக் கொடுத்திருந்தால், அப்போதும் பாதுகாப்பு இல்லை. அந்தப் பாதைக்குத் தனியாக ஒன்று வேண்டும். மாடியில் துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டி, அது தெருக் கம்பத்திலிருந்து வரும் இணைப்பில் உரசி, துணி எடுக்கப் போனவர் இறந்த செய்திகளை ஆண்டுதோறும் மழைக்காலத்தில் படிக்கிறோம். அந்தக் கம்பி நம் மின்பலகைக்கு வெளியே இருப்பது. நம் கருவிக்கு அங்கே அதிகாரமில்லை. நைலான் கயிறு கட்டுவதே அதற்கு மருந்து. சுமை மிகுந்தாலும் இது விழாது என்பதால் எம்.சி.பி.யையும் விடமுடியாது. இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் ஆர்.சி.பி.ஓ. என்னும் கருவியும் கிடைக்கிறது. விலை சற்றுக் கூடுதல்.

விலையைப் பற்றி: ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கான ஆர்.சி.சி.பி. நல்ல நிறுவனத் தயாரிப்பாக இருந்தால் பெரும்பாலும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் அமையும். பொருத்துவதற்கு உரிமம் பெற்ற மின்பணியாளரையே அழையுங்கள். வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி. போன்ற மின்னணுக் கருவிகள் மிகுந்த வீடானால் 'ஏ' வகை ஆர்.சி.சி.பி. வேண்டும் என்று கேளுங்கள். பொருத்தி முடிந்ததும் அவரை அனுப்புவதற்கு முன் உங்கள் கையாலேயே அந்த 'டி' பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். மின்சாரம் இருக்கும்போது அழுத்தினால் வீடு முழுவதும் அணைய வேண்டும். அதன்பின் மாதம் ஒரு முறை. எங்கள் வீட்டில் சம்பளம் கணக்கில் ஏறும் நாளை அதற்கென்று வைத்திருக்கிறோம்; தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பொத்தான் கருவி வேலை செய்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்பதைத் தனியே அளந்துதான் பார்க்கவேண்டும்.

ராடு பயன்படுத்தியே ஆகவேண்டியவர்கள் பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள். வாளி பிளாஸ்டிக் ஆனாலும் தண்ணீரில் மின்சாரம் இருக்கக்கூடும் என்பதால், ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகே கையை விடவேண்டும். தண்ணீரில் மூழ்கியபின்தான் ஸ்விட்சைப் போடவேண்டும்.

மின்சாரம் தாக்கி ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தால் அவரைத் தொடாதீர்கள். மின்பலகையில் மெயினை இறக்குங்கள். அது எட்டாத இடத்தில் இருந்தால், ஈரமில்லாத மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைத் தள்ளிவிடுங்கள். நினைவும் மூச்சும் இல்லையெனில் 112 அல்லது 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். எழுந்து உட்கார்ந்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் இதயத் துடிப்பைப் பார்த்துவிடுவது அவசியம்.

உயிர் போய்விட்டால் செய்யவேண்டியதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் வங்கி மேசையில் அமர்ந்திருப்பவர்கள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? காவல் நிலையத்தில் தகவல் பதிவு செய்யுங்கள். பிரேதப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். முதல் தகவல் அறிக்கை அல்லது பஞ்சநாமா, பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுடன் கணக்குள்ள கிளைக்கு விரைவில் வாருங்கள். 18 வயது முதல் 70 வயது வரை உள்ளவர்கள் சேரக்கூடிய திட்டம் இது. ஜூன் 1 முதல் மே 31 வரை ஓராண்டுக் காலம். உங்கள் கணக்கில் 20 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று புத்தகத்தைப் பாருங்கள். பிடிக்கப்பட்டிருந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லி வையுங்கள். அந்த அம்மையாருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

பொறியாளரிடம் பாடம் கேட்ட மறு வாரமே அவருடைய அண்ணனை வரச்சொல்லி, ட்ரிப் ஸ்விட்ச் விழாததற்கான காரணத்தை ஒரு தாளில் படம் போட்டு விளக்கினோம். அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மே மாதத்தில், வெயில் 44 டிகிரியைத் தொட்டிருந்த ஒரு நாள், அவர் மீண்டும் கிளைக்கு வந்தார். குரலில் சற்றே எரிச்சல். தங்கை இப்போது தம் வீட்டிலேயே இருப்பதாகவும், நாங்கள் சொன்ன கருவியை வாங்கிப் பொருத்தியிருப்பதாகவும், ஆனால் அது விழுந்துகொண்டே இருப்பதாகவும், இரவெல்லாம் யாரும் உறங்க முடியவில்லை என்றும் சொன்னார். எப்போது விழுகிறது என்று கேட்டோம்.

"கூலரைப் போட்டால் விழுகிறது, சாஹப்."

வடநாட்டில் தகர உடலும் தண்ணீர்த் தொட்டியுமாக ஜன்னலில் பொருத்தும் கூலரை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அடியில் தண்ணீருக்குள் கிடக்கும் சிறு பம்ப் மேலே நீரைத் தூக்கி, சுற்றிலும் உள்ள புல்தட்டிகளை நனைக்கும். தங்கையின் பிள்ளைகள் பகல் முழுவதும் அதன் முன்னால்தான் படுத்திருப்பார்களாம். தண்ணீர் குறைந்தால் குடத்தால் ஊற்றுவதும் பெரியவனுடைய வேலையாம்.

பம்பைக் கழற்றி மின்பணியாளரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். மாலையில் அவரே தொலைபேசியில் அழைத்தார். பம்பின் உறை பிளந்து கம்பி தண்ணீரில் பட்டுக்கொண்டிருந்ததாம். புதிய பம்ப் போட்டாகிவிட்டது, கருவி விழவில்லை. பெரியவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான் என்றார்.